நூறு மைல் சாப்பாடு

எங்கள் வீட்டு இட்லி அவிவது என்னவோ எப்போதும்வென்றானில்தான். ஆனால் அதற்கு இருக்கிற உலக அனுபவத்தில் பாதிகூட எனக்குக் கிடையாது. மாவில் அரைபட்ட உளுந்து பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த வம்சம். சாம்பாரில் கரைந்த துவரம்பருப்புக்கு மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் சொந்தபந்தம். தாளித்த பாமாயில் இந்தோனேஷியாவோ மலேசியாவோ. ரேஷன் அரிசி எந்த ஊர் நெல் என்று மூட்டையைக் கேட்டாலும் சொல்லாது. எங்கள் ஊர் நெல் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இத்தனை தூரம் அலைந்து வந்ததையெல்லாம் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிடுகிற நான், மேற்கே திருவனந்தபுரத்தைத் தாண்டியதில்லை. அதுவும் ஆஸ்பத்திரிக்கு.

உப்பு மட்டும் உள்ளூர். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி. வேப்பலோடை, தருவைகுளம் என்று உப்பளங்கள் பஸ் ஏறி இறங்குகிற தூரத்தில் கிடக்கின்றன. ஆக, ஒரு வேளைச் சாப்பாட்டில் ‘இது நம்ம ஊர்’ என்று நான் மார்தட்டிக்கொள்ளக் கூடியது உப்பு ஒன்றுதான். அதையும் டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். முடிவெட்டுகிற கடையில் முறைக்காகக் காத்திருந்தபோது கையில் கிடைத்த பழைய வார இதழில்தான் வினை தொடங்கியது. கனடாவில் வான்கூவர் என்கிற ஊரில் ஒரு ஜோடி 2005-ல் ஒரு சபதம் எடுத்ததாம். தங்கள் வீட்டைச் சுற்றி நூறு மைலுக்குள் விளைந்ததைத் தவிர வேறு எதையும் ஒரு வருஷத்துக்கு வாயில் வைப்பதில்லை. கோதுமை கிடைக்காமல் மாதக்கணக்கில் உருளைக்கிழங்காகத் தின்றுதீர்த்திருக்கிறார்கள். 2007-ல் அதைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார்கள். உருளைக்கிழங்கைத் தின்றே புத்தகம் எழுத முடியுமென்றால், கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைகிற கரிசல் மண்ணில் பிறந்தவனுக்கு என்ன கேடு என்று தோன்றியது. தலையில் பாதி முடி போன நிலையில் எடுத்த முடிவு அது.

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். மனைவி மளிகை நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“செலவு கூடுமா, குறையுமா?”

“குறையும். லாரி வாடகை இல்ல, கமிஷன் இல்ல, பாக்கெட் இல்ல. குறையாம எங்க போகும்?”

“சரி, எழுதி வைக்கேன்” என்றாள். நிஜமாகவே எழுதினாள். தேதி போட்டு.

மகள் செல்போனில் வரைபடத்தை எடுத்து எங்கள் வீட்டைச் சுற்றி நூறு மைல் வட்டம் போட்டாள். கிலோமீட்டரில் 160. வட்டம் நான் நினைத்ததைவிடப் பெருந்தன்மையாக இருந்தது. மதுரை உள்ளே. கம்பம் திராட்சை உள்ளே. கன்னியாகுமரி உள்ளே. வண்டிப்பெரியாறு உள்ளே வந்துவிட்டதால் டீ பிழைத்தது. திருவனந்தபுரம்கூட உள்ளேதான். கிழக்குப் பக்கம் முழுக்கக் கடல். தஞ்சாவூர் வெளியே.

“தஞ்சாவூர் வெளியேன்னா சோறு வெளியேன்னு அர்த்தமா?” என்றார் அம்மா.

“ஸ்ரீவைகுண்டம் அரிசி இருக்கும்மா. தாமிரவருணித் தண்ணி.”

“அது காசுக்குல்ல விக்கிறான்?”

இதற்குப் பதில் சொல்லத்தான் உலகத்தில் ஆளில்லை. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் சும்மா. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சீனி கிலோ 25. நூறு மைலுக்கு அப்பாலிருந்தும், சில சமயம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்தும் வருகிற சரக்கு எங்கள் தெருமுனையில் இந்த விலைக்குக் கிடைக்கிறது. பின்வாசலைத் திறந்தால் தெரிகிற காட்டில் விளைந்தது இதைவிட மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றால், விளைவித்தவர் எனக்குக் கையில் காசும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

சரி, ரேஷன் அரிசிக்கு மட்டும் விலக்கு என்று முதல் நாளே சட்டத்தைத் திருத்தினோம். சீனிக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி என்றேன். அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதாவது ஏற்கெனவே எட்டாத விலைக்கு இப்போது சர்டிபிகேட்டும் உண்டு. மனைவி ஒரு கருப்பட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, “காலையில் ஒரு டம்ளர் காப்பிக்கு மட்டும். விருந்தாளி வந்தா இதை வெளியே எடுக்கக் கூடாது” என்று அலமாரியில் மேல்தட்டில் வைத்தாள். நகை இருந்த இடம். நகை பாங்கில் இருப்பதால் காலியாகத்தான் கிடந்தது.

அடுத்து சிறுதானியம். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை நான் பெருமையோடு வரவேற்றவன். கம்புக்கும் குதிரைவாலிக்கும் உலக மரியாதை கிடைத்துவிட்டது என்று ஆபீஸில் பேசினேன். மரியாதை கிடைத்ததும் அவை கோவில்பட்டியில் குளிர்சாதனம் போட்ட கடைக்குள் குடியேறிவிட்டன. கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த பாக்கெட்; மேலே மண்பானை, பாட்டி, ஏர்க்கலப்பை படம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, நம்பர் தெரியும். ஒரு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கம்புக்கா இந்த வெல?”

“ஆமாம்மா.”

“எங்க மாமியா ஒரு கோட்டை கம்பை மாட்டுக்கு வச்சா. தெரிஞ்சிருந்தா அம்புட்டையும் கட்டி வச்சிருப்பேனே!”

பாக்கெட்டை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்தோம். வெளியே வந்து ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய் வாங்கித் தின்றோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் 2020-ல் குறியீடு கிடைத்தது. கடலை பக்கத்துச் செவல்காட்டுக் கடலை, ஆனால் வெல்லம் தேனியோ சேலமோ. தேனி வட்டத்துக்குள், சேலம் வெளியே. எந்த வெல்லம் என்று கடைக்காரரிடம் கேட்கப்போனவனை அம்மா முதுகில் தட்டிக் கூட்டிவந்தார்.

கடையில் வாங்காதே, களத்தில் வாங்கு என்று அடுத்த ஞானம் பிறந்தது. எங்கள் பக்கம் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய வெள்ளாமை தையில் களத்துக்கு வரும். ஊரில் ஒரு நீர்த்தேக்கம் உண்டு. அது நிறைந்தால் பேப்பரில் போடுவார்கள் என்பதிலிருந்தே எத்தனை தடவை நிறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். தையில் நான் பெரியப்பா முறை ஆகிற ஒருவரின் களத்துக்குப் போய் நின்றேன். உளுந்து அடித்துக் குவித்திருந்தது. சாம்பல் பூத்த கறுப்பு. கையை உள்ளே விட்டால் வெயிலின் சூடு.

“அஞ்சு கிலோ கிடைக்குமா பெரியப்பா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மூடைக் கணக்குல விருதுநகருக்குப் போயிரும்ப்பா. அஞ்சு கிலோவுக்கு யாரு தராசு தூக்குவா? நீ கடையில வாங்கிக்கோ.”

எங்கள் ஊர் உளுந்து விருதுநகருக்குப் போய், தோல் கழன்று, பளபளப்பேறி, பர்மா உளுந்தோடு சம்பந்தம் செய்துகொண்டு திரும்பி வருகிறது. அதை நான் சம்பளத் தேதியில் ஒரு கிலோ வாங்குகிறேன். இது புரியாமல் எத்தனையோ வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்திருக்கிறேன் பாருங்கள். விளைகிறவன் வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டையாக விற்கிறான். நான் மாதா மாதம் கிலோவாக வாங்குகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கிற தூரம் நூறு மைல் வட்டத்தில் அடங்குவதில்லை.

என் முகத்தைப் பார்த்துப் பெரியப்பாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. இரண்டு படி கம்பை ஒரு பையில் அள்ளிப் போட்டார். காசு நீட்டினேன். “எலே, நீ எனக்குக் காசு குடுக்கிறியா?” என்று கோபித்துக்கொண்டார். சும்மா வந்த கம்பு! மனைவியிடம் வெற்றிச் செய்தி சொன்னேன். அவள் நோட்டில் ‘கம்பு - 0’ என்று எழுதி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள். எதற்கு இடம் என்று கேட்டேன். “வைகாசியில அவக பேத்திக்குச் சடங்கு” என்றாள். வைகாசி வந்தது. மொய் ஆயிரத்தொன்று. அந்தக் கம்பு குளிர்சாதனக் கடைக்கம்பைவிட எத்தனை மடங்கு விலை என்பதை வகுத்துப் பார்த்து, அந்தப் பக்கத்தை மடித்துவிட்டேன்.

இனிமேல் உறவு வேண்டாம், ரொக்கம்தான் என்று விளாத்திகுளம் பக்கம் முன்பின் தெரியாத ஒருவரிடம் அரைமூட்டை குதிரைவாலி வாங்கினேன். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. கடை விலையில் பாதிகூட இல்லை. ஏன் அவ்வளவு மலிவு என்று யோசிக்கத் தோன்றியிருந்தால் நான் ஏன் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், முதலாளியாகியிருப்பேன். மூட்டையை அவிழ்த்து அம்மா ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தார்.

“தொலியோட வாங்கியாந்திருக்கானே!”

குதிரைவாலியின் தொலி லேசுப்பட்டதல்ல. அரிசியோடு ஒட்டிப் பிறந்த சட்டை அது. தெரு மாவு மில்லில் கொண்டுபோய்க் கொட்டினால் மில்காரர், “மாவாக்கித் தரச் சொன்னா தாரேன் அண்ணாச்சி, தொலியும் சேந்து மாவாகும். சாப்பிடுவீகளா?” என்று மரியாதையாகக் கேட்டார். தொலி நீக்குகிற மிசின் இருக்கிற இடம் விசாரித்துப் போன் போட்டேன். எத்தனை டன் என்றார்கள். அரைமூட்டை என்று சொல்ல வெட்கப்பட்டு, “பின்னாடி கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது உரல். கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியாகப் பல வருஷம் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. உலக்கை, மகள் சடங்குக்கு வாசலில் குறுக்கே போட்டதோடு சரி, பரணில் கிடந்தது. இரண்டையும் கழுவித் துடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஆணை பிறப்பித்தார். தண்ணி தெளி. கொஞ்சமா. அதுக்கு மேல ஊறக் கூடாது. கையை மாத்திப் போடு. உலக்கையை நீ தூக்காதே, அதுவா ஏறும், நீ விடத்தான் வேணும்.

அதுவாக ஏறவில்லை. நான்தான் ஏற்றினேன். இறங்கும்போது உரலின் விளிம்பில் பட்டு என் முழங்கைவரை ஒரு அதிர்வு ஓடியது. தானியம் நாலாபக்கமும் தெறித்தது. ஊர்க் கோழிகள் அத்தனைக்கும் எப்படித்தான் தகவல் போனதோ! சொளகை எடுத்துப் புடைத்தேன். என் புடைப்பில் தொலி என் கண்ணுக்குள்ளும் அரிசி தரையிலும் போயின; கோழிகள் என் பாணியை மிகவும் ஆதரித்தன. அம்மா சொளகை வாங்கி, மணிக்கட்டை லேசாக ஒரு வெட்டு வெட்டினார். தொலி ஒரு பக்கம், குறுணை ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம் என்று மூன்றும் சண்டையில்லாமல் பாகம் பிரிந்தன. எழுபது வயதைத் தாண்டிய மணிக்கட்டு அது.

“இதைத் தெனமும் செஞ்சீகளாம்மா?”

“கோழி கூப்பிட எந்திரிச்சு இதை முடிச்சாத்தான் காட்டுக்குப் போக முடியும். நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். ரேஷன் அரிசி வந்த அன்னைக்குத்தான் இந்த உலக்கையை நான் பரண்ல போட்டேன். நீ அதைப் போய் எறக்கியிருக்கே.”

அவர் குரலில் கோபம் இல்லை. உள்ளூர்ச் சாப்பாட்டை ஒரு கொள்கை என்று நினைத்த மகனைப் பெற்ற வருத்தம்தான் இருந்தது. என் கொள்கைக்கு ஆள்பலம் எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவே இல்லை என்பதை மனைவி சொல்லிக்காட்டவில்லை. சொளகை அவள் கையில் கொடுக்க நான் திரும்பியபோது அவள் அங்கே இல்லை. அவ்வளவுதான்.

மூட்டையில் மிச்சம் அப்படியே மூலையில் நிமிர்ந்து நின்றது. பெயருக்கு ஒரு நன்மை. சிந்தியதைத் தின்ற எங்கள் இரண்டு பெட்டைக்கோழிகள் முட்டையிட்டன. குத்திய அரிசி கிடைத்த அளவையும் முட்டையையும் பார்த்தால் என்னைவிடக் கோழியே குதிரைவாலியை நன்றாகப் பயன்படுத்தியிருந்தது.

முட்டை என்றதும் மனைவியின் வாதம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடை முட்டை நாமக்கல்; நாமக்கல் வட்டத்துக்கு வெளியே; ஆகவே கூடாது என்று நான் தடை போட்டிருந்தேன். அவள் கேட்டாள்: “நம்ம ஊருக் காடு பூரா இப்ப என்ன போட்டிருக்காக?”

“மக்காச்சோளம்.”

“அதை யாரு திங்கிறா?”

யாரும் தின்பதில்லை. பருத்தியும் கம்பும் விளைந்த காடுகளில் பாதி இப்போது மக்காச்சோளம். 2018-ல் படைப்புழு வந்து ஒரு வழி பண்ணியது, இரவில் காட்டுப்பன்றி வந்து இன்னொரு வழி பண்ணுகிறது, அப்படியும் விதைக்கிறார்கள். அறுத்ததும் லாரியில் ஏறி நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகப் போகிறது.

“நம்ம ஊரு மக்காச்சோளம் போயி முட்டையாத் திரும்பி வருது. ஊருக்குப் போயிட்டு வந்த பிள்ளையை வெளியூருன்னா சொல்லுவீக?”

வக்கீலுக்குப் படித்திருந்தால் இந்நேரம் மதுரைக் கிளையில் நீதிபதியாகியிருப்பாள். முட்டை அனுமதிக்கப்பட்டது.

கீரையில்தான் நான் கொஞ்சம் ஜெயித்தேன் என்று சொல்ல வேண்டும். மழை விழுந்து பதினைந்து நாளில் கரிசல்காட்டில் விதைக்காததெல்லாம் முளைக்கும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணத்திக் கீரை. யாரும் காசு கேட்க மாட்டார்கள். நான் ஒரு மஞ்சள் பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன். அம்மா பையைக் கொட்டித் தரம் பிரித்தார். “இது நமக்கு. இது ஆட்டுக்கு. இதை ஆடும் திங்காது. இதை எதுக்குப் பறிச்சே?” கடைசிக் குவியல்தான் பெரிது. ஆட்டுப் பங்கை எதிர்வீட்டுக் கொடி ஆட்டுக்குப் போட்டேன். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஆடு. என் கீரையை அசைபோட்டபடி அது என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அனுதாபம் தெரிந்தது. (அந்த ஆடும் சுத்தமான உள்ளூர்தான். அதன் கறி விலைதான் மெட்ராஸ்.) மக்காச்சோளக் காட்டில் மட்டும் கீரை தேடாதே என்று அம்மா சொல்லியிருந்தார். களைக்கொல்லி அடித்த மண்ணில் தொய்யக்கீரை தலைகாட்டுவதில்லை. மருந்துக்கு அது களை. மிச்சமிருக்கிற காடுகளில்தான் எங்களுக்கு அது வெஞ்சனம்.

அதே ஐப்பசி, கார்த்திகையில் அதலைக்காய். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாகற்காயின் தங்கச்சி முறை, விரல் நுனி அளவு, பச்சை நிறம், உடம்பில் வரிவரியாக மேடு. கரிசலை விட்டு வெளியே பெரும்பாலும் வளராது. யாரும் பயிரிடுவதும் இல்லை. மண்ணுக்குள் கிழங்கு தூங்கிக் கிடக்கும், மழை பட்டதும் கொடி எழும்பும். காம்பையும் வாலையும் கிள்ளிவிட்டு, முழுசாக, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் சுருள வதக்கி, புளித்தண்ணீர் விட்டு வற்ற விட்டால், கசப்பு நாக்கில் இறங்கி ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும். அதன் பிறகு குடிக்கிற பச்சைத்தண்ணீர் இனிக்கும். இதற்கு ஈடான உள்ளூர் உணவு உலகத்தில் எந்த நூறு மைலுக்குள்ளும் இல்லை என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

ஆனால் அது காத்திருக்காது. காலையில் பறித்ததை அன்றே சமைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் போனால் காய் தானாக வெடித்து விதையைத் துப்பிவிடும். நான் ஒரு சாயங்காலம் சந்தையில் கடைசிக் கூறை மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை கூடையைத் திறந்தபோது பாதிக்குமேல் மஞ்சளாகி வாயைப் பிளந்து கிடந்தது. “உங்களை மாதிரியே அவசரக்காரக் காய்” என்றாள் மனைவி. அது நான் வாங்குவதற்கு முன்பே அவசரப்பட்டிருந்தது என்று நான் வாதாடவில்லை.

காய்கறிக்கு உழவர் சந்தை என்று கோவில்பட்டிக்குப் பைக்கில் போய் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய நல்ல ஏற்பாடு. இடைத்தரகர் கிடையாது, விலைப்பலகையில் எழுதிய விலை. விடுமுறை நாளில் கத்திரிக்காய்க்கு நாலு ரூபாய் மிச்சம் பிடிக்க நான் முப்பது கிலோமீட்டர் சொச்சம் போய், அதே அளவு திரும்பி வந்தேன். இந்தச் சமயத்தில்தான் மகள் ஒரு குண்டைப் போட்டாள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் இரண்டு பேர் 2008-ல் கணக்குப் பார்த்திருக்கிறார்களாம். அந்த ஊர் வீடுகளின் சாப்பாட்டால் காற்றில் சேர்கிற புகையில், ஏற்றி இறக்கிக் கொண்டுவருகிற செலவுக்கு நூற்றுக்குப் பதினொன்றுதான் பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி விளைவிக்கும்போதே சேர்ந்துவிடுகிறது.

“அப்ப லாரி அவ்வளவு பெரிய பாவி இல்லையாப்பா” என்றாள்.

“அந்தப் பதினொண்ணுல, ஒரு கிலோ கத்திரிக்காய்க்குக் கோவில்பட்டிக்குப் போன பைக்கைச் சேத்தாகளா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. நோட்டில் ‘பெட்ரோல்’ என்று ஒரு தனிப் பத்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கோடை வந்ததும் வட்டத்துக்குள் இருந்ததெல்லாம் காய்ந்தது. சித்திரையில் கரிசல்காட்டில் விளைவது வெடிப்பு ஒன்றுதான். கால் விட்டால் முழங்கால்வரை போகும். மீனாவது உண்டே என்றால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. டூவீலரில் பெட்டி கட்டிக்கொண்டு சாளை மீன் விற்கிறவர் அந்த நாட்களில் கேரளா மீன் கொண்டுவருவார். திருவனந்தபுரம் பக்கம் என்று சொன்னால் வட்டத்துக்குள், கொல்லத்துக்கு அந்தப் பக்கம் என்றால் சந்தேகம். நான் வழிமறித்து ஊர் கேட்கத் தொடங்கியதிலிருந்து அவர் எங்கள் தெருவுக்கே வருவதில்லை. அடுத்த தெருவில் ஹாரன் அடிக்கிறார்.

இந்தக் கோடையைத்தான் அம்மாவின் தலைமுறை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தது. மார்கழி, தை வெயிலிலேயே சீனியவரைக்காய் வத்தல், மிதுக்க வத்தல், கத்திரி வத்தல், நெத்திலிக் கருவாடு என்று எல்லாவற்றையும் காயப் போட்டுப் பானையில் அடைத்து வைப்பார்கள். மிதுக்கங்காயும் அதலை மாதிரி காட்டில் தானாகக் கிடைக்கிற கசப்புச் சாதிதான். மோரில் உப்புப் போட்டு ஊறவைத்து, மொட்டை மாடியில் உலர்த்தி, மறுபடி மோரில் போட்டு, மறுபடி உலர்த்தி, காக்காய் விரட்டி... நான் காக்காய் விரட்டும் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டேன். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணயர்ந்த நேரத்தில் வந்தது காக்காய் இல்லை, அணில். அணிலைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் 1901-லிருந்து ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக்கென்றே கே 8, கே 11, கே 12 என்று சோள ரகங்கள் கண்டுபிடித்த இடம். விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மண்ணில் என்ன விளையும் என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். விளைந்ததை மாதச் சம்பளக்காரன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ரகம் ஒன்றை யாராவது கண்டுபிடித்தால் நான் முதல் ஆளாக விதைப்பேன். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதே மாதிரி எங்கள் பக்கம் தொலி நீக்கிய குதிரைவாலியும் கம்பும் ரேஷனில் போட்டால் என் கொள்கையை நான் மறுநாளே கௌரவமாக மூட்டை கட்டிவிடலாம். அதுவரை மூலையில் நிற்கிற அரைமூட்டையை எலியிடமிருந்து காப்பாற்றுவது என் தலைவிதி.

போன தையில் மெட்ராஸிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு காரில் வந்தான். வாசலில் இறங்கும்போதே, “அத்தான், இங்க இருக்கிற ரெண்டு நாளும் கம்மங்கூழ்தான், கம்மஞ்சோறுதான். அங்க ஒண்ணும் கிடைக்கிறதில்ல” என்றான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் கொள்கைக்கு வெளியூரிலிருந்து ஆதரவு! உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“சம்பந்தி வீட்டுப் பிள்ளை முதல்தடவையா பொஞ்சாதி பிள்ளையோட வந்திருக்கு. அதுக்குக் கம்மஞ்சோறு போட்டு அனுப்பினா ஊரு காறித் துப்பாது?”

ஸ்ரீவைகுண்டத்து அரிசி வாங்கி வரச் சொன்னார். காசுக்கு. வாழை இலையில் நெல்லுச்சோறு, பருப்பு, நெய், அப்பளம், பாயசம். மச்சினன் கம்பு எப்போது வரும் என்று அடுக்களையையே பார்த்தபடி சாப்பிட்டான். அவன் கேட்கக் கேட்க, கூச்சத்தில் கேட்கிறான் என்று அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அவர்கள் கிளம்பும்போது வழியனுப்ப நாங்களும் நாலுவழிச் சாலை வரை போனோம். அங்கே புளியமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு ஒருவர் கம்மங்கூழ் விற்கிறார். மண்பானை, மோர்மிளகாய், சின்ன வெங்காயம், மாங்காய்த் துண்டு, வரிசையாகக் கார்கள். மச்சினன் வண்டியை நிறுத்தச் சொல்லாமலே நிறுத்தினான். ஆளுக்கு ஒரு சொம்பு. அம்மாவும் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, “தண்ணி சாஸ்தி” என்று தீர்ப்புச் சொல்லி, இன்னொன்று கேட்டார். விருந்தாளியைக் காசு கொடுக்க விட முடியுமா? நான்தான் கொடுத்தேன்.

சில்லறை வாங்கும்போது கம்பு எந்த ஊர் என்று கேட்டேன்.

“ராஜஸ்தான் மூடை அண்ணாச்சி. விருதுநகர்ல எடுக்கேன். நம்ம ஊருக் கம்பு கட்டுப்படியாகுமா?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டுல குதிரைவாலி அரைமூடை தொலியோட கெடக்காமே? நம்ம மச்சான் ஒருத்தர் மிசின் வச்சிருக்காரு. கார்க்காரங்க குதிரைவாலிக் கஞ்சி கேக்குறாக. தாரீகளா?”

நான் வாங்கிய விலையைச் சொல்லலாமா, ஒன்றிரண்டு கூட்டிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையிலேயே பின்னாலிருந்து மனைவி ஒரு தொகை சொன்னாள். வாங்கியதைப்போல இரண்டரை மடங்கு. அவர் சரி என்றார். “சாக்கு தனி” என்றாள்.